‘சார்ஜ்’ என்றால் எந்தச் சார்ஜ்?

வாசகர் கேள்வி: அக்கா, கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து டர்பனுக்கு வந்து ஃபீனிக்ஸில் குடியிருக்கிறேன். கோயில் திருப்பணிக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிற சிற்பிகள் பலருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்றால் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். சமீபத்தில் ஒரு சிற்பி அண்ணன்மேல் அடிதடி வழக்கு வந்தது. கோர்ட்டுக்குக் கூடப் போனேன். ‘சார்ஜஸ் வித்ட்ரான்’ என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்ததும், ‘உங்களுக்கு விடுதலை ஆயிட்டுது அண்ணே’ என்று சொன்னேன். அவர் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார். இப்போது ஒருவர், ‘கேஸ் திரும்ப வரலாம்’ என்கிறார். பயமாக இருக்கிறது. ‘சார்ஜ்’ என்ற ஒரே சொல்லுக்கு அகராதியில் அத்தனை பொருள் போட்டிருக்கிறது. ஒத்த சொல் அகராதி ஒன்று வாங்கித் தினம் இருபது சொல் மனப்பாடம் செய்கிறேன். இது சரியான வழியா? பின்னாளில் கோர்ட்டில் உரைபெயர்ப்பாளராகப் போக ஆசை. பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் என்ன செய்வது? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, ஃபீனிக்ஸ்)

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த அண்ணனின் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். சொல்லைப் பற்றிப் பேசுவது அப்புறம் இருக்கட்டும்.

வழக்கு வாபஸ் ஆவதும் விடுதலை கிடைப்பதும் நாம் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் சட்டத்தில் வேறு வேறு. இங்குள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1977-இல் வந்தது. 51-ஆம் எண் சட்டம். அதன் 6-ஆம் பிரிவு இரண்டு நிலைகளைப் பிரித்துச் சொல்கிறது. ‘குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா’ என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்கு முன்பே அரசுத் தரப்பு குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றால், அவர் வீட்டுக்குப் போகலாம். ஆனால் விடுதலைத் தீர்ப்பு கேட்கும் உரிமை அவருக்குக் கிடையாது. பிறகு சாட்சியோ ஆதாரமோ கிடைத்தால் அதே குற்றச்சாட்டை மறுபடி கொண்டுவரலாம். அவர் பதில் சொல்லிவிட்ட பிறகு வழக்கை நிறுத்தினால் நிலைமை வேறு. அப்போது நீதிமன்றம் அவரை விடுதலை செய்தே ஆக வேண்டும். அதே குற்றத்துக்கு இன்னொரு தடவை வழக்கு நடத்த முடியாது. ‘வித்ட்ரான்’ என்ற சொல் சட்டத்தில் முதல் நிலைக்கு உரியது. அதனால் உங்கள் அண்ணனுடையதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே இன்றைக்கே அவரிடம் போய், ‘அன்றைக்கு நான் சொன்னது தப்பு அண்ணே, இது வாபஸ்தான், விடுதலை இல்லை’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். வழக்கு எண் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு இருவரும் அரசுச் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்கா அலுவலகத்துக்கோ ஒரு வக்கீலிடமோ போங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: அவர் பதில் சொல்வதற்கு முன்பு வாபஸ் ஆனதா, பின்பா? இப்போது அவர் ஊருக்குப் போய்வரத் தடை ஏதும் உண்டா? ஜாமீன் பணம் கட்டியிருந்தால் ரசீதைத் தொலைக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள், அதைத் திரும்பப் பெறும் வழியையும் அங்கேயே கேட்டுவிடலாம். இதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பு நடக்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நடந்ததைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ‘சார்ஜ்’ என்பதற்கு இங்கே குற்றச்சாட்டு என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. ‘வித்ட்ரா’ என்றால் திரும்பப் பெறுவது என்பதும் நிச்சயம் தெரியும். இரண்டு சொல்லின் பொருளும் தெரிந்திருந்தும் அவை சேர்ந்து வரும்போது கோர்ட்டில் என்ன பொருள் என்பது தெரியவில்லை. தனித்தனிச் சொல்லாக இருபது, நாற்பது என்று மனப்பாடம் செய்தால் இந்த இடத்தில் கைகொடுக்காது. சொற்கள் எதோடு சேர்ந்து வருகின்றன என்று பார்த்துப் படிக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது முழுக்க அதுதான்.

இதை நமக்குத் தொல்காப்பியரே சொல்லி வைத்திருக்கிறார். பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால் அதன் பொருளைத் தெரிந்துகொள்ள மூன்று வழி என்கிறார்: ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்’. எந்த வினை கூட வருகிறது, எந்த இனச்சொல் பக்கத்தில் நிற்கிறது, எந்தச் சூழலில் பேசப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறார். உரையாசிரியர்கள் ‘மா’ என்ற சொல்லை எடுத்துக் காட்டுவார்கள். மா பூத்தது என்றால் மரம். மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம்தான், மருது பக்கத்தில் நிற்பதால். கவசம் அணிந்து நிற்பவன் ‘மா கொண்டு வா’ என்றால் அது குதிரை. ஆங்கிலம் படிப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இந்த மூன்றையும்தான். எத்தனை அகராதி புரட்டினாலும் இவற்றை விட்டால் வேறு வழி இல்லை.

‘சார்ஜ்’ என்ற சொல்லுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ‘லே எ சார்ஜ்’, ‘பிரஸ் சார்ஜஸ்’, ‘டிராப் தி சார்ஜஸ்’ என்று வந்தால் வழக்கு. ‘பே தி சார்ஜஸ்’ என்றால் பணம். ‘டேக் சார்ஜ்’ என்றால் பொறுப்பை ஏற்பது. ‘லீட் தி சார்ஜ்’ என்றால் முன்னணியில் பாய்வது. இதெல்லாம் வினையால் தெரிகிறது. பக்கத்தில் பேட்டரியோ போனோ நின்றால் மின்சாரம். ஹ்லுஹ்லுவே சரணாலயத்துக்குப் போய்வந்தவர் ‘தி ரைனோ சார்ஜ்டு அஸ்’ என்றால் காண்டாமிருகம் பாய்ந்து துரத்தியது. காண்டாமிருகம் கட்டணம் வாங்காது, வழக்கும் போடாது. இது இனத்தால் தெரிகிறது. ‘தேர் இஸ் நோ சார்ஜ்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால்? பார்மசியில் என்றால் இலவசம். போலீஸ் ஸ்டேஷனில் என்றால் உங்கள்மேல் வழக்கு இல்லை. பழைய போனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் பேட்டரி செத்துவிட்டது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. சார்பு ஒன்றுதான் பொருளைச் சொல்கிறது.

சின்ன இடைச்சொற்களை மட்டும் தயவுசெய்து அலட்சியமாக விடாதீர்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தே சார்ஜ்டு ஹிம் ஃபார் தி விண்டோ’ என்றால் கண்ணாடிக்கான பணத்தை அவரிடம் வாங்கினார்கள். ‘தே சார்ஜ்டு ஹிம் வித் பிரேக்கிங் தி விண்டோ’ என்றால் கண்ணாடியை உடைத்ததாக வழக்குப் போட்டார்கள். ‘ஃபார்’, ‘வித்’ இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதருடைய கிரிமினல் வழக்கே இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் ‘சார்ஜ்டு ஃபார் அசால்ட்’ என்றும் சொல்கிறார்கள், அதையும் கவனத்தில் வையுங்கள். அப்போது பின்னால் வருவது குற்றத்தின் பெயரா, விலைபோட்டு வாங்கும் பொருளின் பெயரா என்று பாருங்கள். இதே மாதிரி, ‘தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்டு’ என்றால் குழந்தைக்கு நர்ஸ் பொறுப்பு. ‘தி சைல்டு இஸ் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்’ என்றாலும் அதே செய்திதான். நடுவில் ‘தி’ என்ற ஒரு துளிச் சொல் வந்து, யார் பார்த்துக்கொள்கிறார், யார் பார்த்துக்கொள்ளப்படுகிறார் என்பதை மாற்றிப்போடுகிறது.

இத்தனை பொருளும் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. இதன் வேர் லத்தீனில் வண்டியைக் குறிக்கும் ‘கார்ரஸ்’ என்ற சொல். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு வினைச்சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘கார்’, ‘கேரி’, ‘கார்கோ’ எல்லாம் அதே குடும்பம். ஆக, ‘சார்ஜ்’ என்றால் அடிப்படையில் பாரம் ஏற்றுவது. ஒருவர்மேல் கடமையை ஏற்றினால் பொறுப்பு, பணத்தை ஏற்றினால் கட்டணம், பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதற்கும் அதே சொல்தான் வழங்கியது. 18-ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தை ஆராய்ந்தவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

நம் தமிழிலும் இதே போக்கைப் பாருங்கள். வண்டியில் சரக்கு ஏற்றுகிறோம், பேட்டரியில் சார்ஜ் ஏற்றுகிறோம், மூட்டையைச் சுமத்துகிறோம், குற்றத்தைச் சுமத்துகிறோம். ‘பொறுப்பு’ என்ற சொல்லே பாரத்தைப் பொறுப்பதிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் போன வழியில் நம்மவர்களும் தாமாகவே போயிருக்கிறார்கள். அதனால் அகராதியில் பத்துப் பொருளைப் பார்த்து மலைக்காதீர்கள். ‘ஏற்று’, ‘சுமத்து’ என்ற இரண்டு தமிழ்ச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பொருள் தானாக வந்து சேரும். காண்டாமிருகம் பாய்வதை மட்டும் இதற்குள் வலிந்து நுழைக்க வேண்டாம், தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

‘டிஸ்சார்ஜ்’ என்றால் இறக்குவது. கப்பலிலிருந்து சரக்கு இறக்குவது, கடனைத் தீர்ப்பது, வேலையிலிருந்து அனுப்புவது, துப்பாக்கி வெடிப்பது, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அதில் அடங்கும். நீங்கள் ஆஸ்பத்திரிக்குத் துணை போவதால் ஒரு எச்சரிக்கை. கர்ப்பிணியிடமோ புண்ணுக்குக் கட்டுப் போட்டவரிடமோ நர்ஸ் ‘எனி டிஸ்சார்ஜ்?’ என்று கேட்டால், வீட்டுக்குப் போவதைப் பற்றிக் கேட்கவில்லை. சீழோ நீரோ கசிகிறதா, வெள்ளைப்படுகிறதா என்று கேட்கிறார். பெண்களுக்கு ஆண்கள் துணை போகும்போது கூச்சத்தில் இந்தக் கேள்வியே அப்படியே விழுங்கப்பட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். கோர்ட்டில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும், குற்றத்தை நிரூபிக்க ஆதாரமே இல்லை என்று நீதிமன்றம் கருதினால், அதே 1977 சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி அங்கேயே குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு சொல்லலாம். வக்கீல்கள் அதை ‘டிஸ்சார்ஜ்’ என்பார்கள். இதற்கு ‘விடுதலை’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

தென்னாப்பிரிக்காவுக்கென்றே உள்ள வழக்கங்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வயதானவர்கள் ‘சார்ஜ் ஆஃபீஸுக்குப் போ’ என்றால், பணம் கட்டும் இடம் என்று நினைக்காதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் வாங்கும் முன்பகுதிக்கு அது பழைய பெயர். இப்போது அதற்குக் கம்யூனிட்டி சர்வீஸ் சென்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பழைய பெயர் பேச்சிலிருந்து போகவில்லை. ‘ஹி லெய்டு எ சார்ஜ்’ என்றால் அவர் போய்ப் புகார் கொடுத்தார், அவ்வளவுதான். எதிராளிமேல் இன்னும் வழக்குத் தொடரப்படவில்லை. தொடரலாமா என்று முடிவு செய்வது அரசு வழக்குத் தொடுநர். ‘சார்ஜ் ஷீட்’ என்றதும் உங்களுக்குத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வரும் குற்றப்பத்திரிகை நினைவுக்கு வரும். அங்கே அது விசாரணை முடிந்து போலீஸ் கோர்ட்டில் தாக்கல் செய்வது. இங்கே கீழ்க் கோர்ட்டுகளில் அரசு வழக்குத் தொடுநர் வைக்கும் குற்றச்சாட்டுத் தாள்; ஹைகோர்ட்டில் அதன் இடத்தில் ‘இண்டைட்மென்ட்’ வரும். அமெரிக்கப் படங்களில் நீதிபதி ஜூரிக்குச் ‘சார்ஜ்’ கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், சட்டத்தை விளக்கி அறிவுறுத்துவது. அந்தப் பொருள் உங்களுக்கு இங்கே வேலைக்கு ஆகாது. இந்த நாட்டில் 1969-இல் ஜூரி முறையையே எடுத்துவிட்டார்கள்.

அடுத்தது ஒத்த சொற்கள். ஒத்த சொல் அகராதியில் ‘சார்ஜ்’ என்று தேடினால் ஃபீ, ஃபேர், டோல், ரேட், டாரிஃப், லெவி, பிரைஸ் என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைத்தால் வாக்கியம் கெடும். டாக்டருக்கும் வக்கீலுக்கும் பள்ளிக்கும் கொடுப்பது ஃபீ. டாக்ஸிக்கும் பஸ்ஸுக்கும் ஃபேர். என்3 சாலையில் மேரியன்ஹில்லில் நின்று கட்டுவது டோல். கரண்டுக்கு டாரிஃப். ‘ரேட்ஸ்’ என்று பன்மையில் வந்தால் இந்த ஊரில் அது மாநகராட்சிக்குக் கட்டும் சொத்துவரி. புதிதாக வந்தவர்கள் இதை வட்டிவிகிதம் என்று நினைத்துக் குழம்புகிறார்கள். ஃபிளாட்டில் மாதாமாதம் பராமரிப்புக்கு வாங்குவது லெவி. தமிழில் நமக்கு இது இயல்பாகவே தெரியும். குருக்களுக்குக் கொடுப்பதைக் கூலி என்று சொல்ல மாட்டோம், தட்சிணை என்போம். கொத்தனாருக்குக் காணிக்கை கொடுக்க மாட்டோம். எல்லாம் பணம்தான், ஆனாலும் யார் யாருக்கு எதற்காகக் கொடுக்கிறார் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலச் சொற்களையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்.

பழி சொல்வதற்கு உள்ள சொற்கள் இதைவிட முக்கியமானவை, ஏனென்றால் அவை ஒன்றுக்கு மேல் ஒன்றாக எடை ஏறிக்கொண்டே போகின்றன. ‘பிளேம்’ என்பது யாரும் யார்மேலும் போடக்கூடிய பழி. உலை பொங்கி வழிந்ததற்குக்கூடப் போடலாம். ‘அலெஜ்’ என்றால் இன்னும் நிரூபிக்காத ஒன்றைச் சொல்வது. ‘அக்யூஸ்’ என்றால் இன்னார் இதைச் செய்தார் என்று நேரே குற்றம் சாட்டுவது. ‘சார்ஜ்’ என்றால் சட்டப்படி வழக்காகச் சுமத்துவது. ‘கன்விக்ட்’ என்றால் குற்றம் செய்தார் என்று நீதிமன்றமே முடிவு கட்டிவிட்டது. ஒருவரை ‘சஸ்பெக்ட்’ என்று சொல்லும்போது தமிழில் ‘குற்றவாளி’ என்று சொல்லிவிட்டால், நடுவில் உள்ள படிகளையெல்லாம் தாண்டி அவரைச் சிறை வாசலில் நிறுத்திவிட்டீர்கள். சந்தேகத்துக்கு ஆளானவர், குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி என்று மூன்றுக்கும் மூன்று சொல் தமிழில் இருக்கிறது. வாய் நீளும் என்று பார்க்காமல் முழுதாகச் சொல்லுங்கள்.

மனப்பாடம் செய்வது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நிகண்டை மனப்பாடம் செய்துதானே நம் முன்னோர் தமிழ் படித்தார்கள். திவாகர நிகண்டில் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று வகை பிரித்து ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, பதினோராம் தொகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருளைச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இன்று கேட்கிற இரண்டுக்கும் அங்கே இடம் இருக்கிறது. ஆனால் அவர்கள் நிகண்டோடு நிற்கவில்லை. கையோடு பாட்டையும் படித்தார்கள், சொல் புழங்குகிற இடத்தைப் பாட்டில் பார்த்தார்கள். உங்கள் பட்டியலுக்கு அந்தத் துணை இல்லை. இன்னொன்றும் யோசியுங்கள். 20 தொகுதிகளாக 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு. அதற்குப் பிறகு திருத்தி எழுதியபோது ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் கண்டார்கள். தினம் இருபது என்றால் ‘ரன்’ ஒன்றுக்கே ஒரு மாதத்துக்கு மேல் போய்விடும். சொல் எவ்வளவு சின்னதோ, எவ்வளவு அன்றாடமானதோ, அவ்வளவு பொருள் அதில் குவிந்துகிடக்கும்.

நான் பரிந்துரைப்பது இதுதான். ஒரு நோட்டு வாங்குங்கள். சொல்லை எழுதாதீர்கள், காதில் விழுந்த முழு வாக்கியத்தை எழுதுங்கள். யார் சொன்னார், எங்கே சொன்னார் என்று பக்கத்தில் குறியுங்கள். கீழே, அதை உங்கள் அம்மாவுக்குச் சொல்வதானால் தமிழில் எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்து வாக்கியம் போதும். அப்புறம், கோர்ட்டில் போய் உட்காருங்கள். பெரும்பாலான வழக்குகளைப் பொதுமக்கள் உட்கார்ந்து கேட்கலாம். வெருலம் கோர்ட் உங்களுக்குப் பக்கம்தான். காலையில் வழக்குகளை வரிசையாகக் கூப்பிடும் நேரத்தில் ஒரே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். ‘ரிமாண்டட்’, ‘போஸ்ட்போன்ட்’, ‘வித்ட்ரான்’, ‘ஸ்ட்ரக் ஆஃப் தி ரோல்’ ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்த ஆள் எந்தப் பக்கம் போகிறார் என்று கண்ணால் பாருங்கள். கீழே இருக்கும் காவல் அறைக்குப் போகிறாரா, வாசல் வழியாக வெளியே போகிறாரா? அதைப் பார்த்துக் கற்ற பொருள் மறக்காது. ஒத்த சொல் அகராதியைத் தூக்கிப்போட வேண்டாம். தெரிந்த ஒரு சொல் நாக்கு நுனியில் நின்று வராதபோது தேடிப் பிடிக்க அது நல்ல துணை. தெரியாத சொல்லை அதிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கோர்ட்டில் சொல் பிடிபடாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் இது அதிகம் வரும். ‘குத்தினான்’ என்று ஒரு சாட்சி சொல்கிறார். முஷ்டியால் குத்தினானா, கத்தியால் குத்தினானா? தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் ‘பஞ்ச்’ (punch) ஒன்று, ‘ஸ்டாப்’ (stab) வேறு. இரண்டாவதைச் சொல்லிவிட்டால் சாதாரண அடிதடி கொலைமுயற்சி மாதிரிக் கேட்கும். ‘அடிச்சான்’ என்றாலும் அறைந்தானா, கட்டையால் அடித்தானா, தொடர்ந்து அடித்தானா என்று தெரியாது. அதற்கு ‘ஹிட்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ‘ஸ்லாப்’, ‘பீட்’, ‘ஸ்ட்ரைக்’ என்று உங்கள் கற்பனைக்கு ஏற்ப எடுக்காதீர்கள். எப்படி அடித்தான் என்று கேட்பது வழக்குத் தொடுநரின் வேலை. இந்த நாட்டில் சாதாரணத் தாக்குதல் ஒரு குற்றம், கொடுங்காயம் விளைவிக்கும் நோக்கத்தோடு தாக்குவது வேறு குற்றம். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உரைபெயர்ப்பாளரின் சொல் முடிவு செய்துவிடக் கூடாது.

‘குத்தினான்’ மாதிரி, பொதுச்சொல்லும் கிடைக்காத இடத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும். மாஜிஸ்திரேட்டை ‘யுவர் வர்ஷிப்’ என்று அழைத்து, உரைபெயர்ப்பாளர் இந்தச் சொல்லைச் சாட்சியிடம் தெளிவுபடுத்திக்கொள்ள அனுமதி கேட்கிறார் என்று சொல்லுங்கள். ‘நான்’ என்று உங்களைக் குறிப்பிடாதீர்கள். அங்கே நீங்கள் சொல்லும் ஒவ்வொரு ‘நான்’ என்பதும் சாட்சியினுடையது. அனுமதி கிடைத்ததும், ‘எதால் குத்தினார்?’ என்று மட்டும் கேளுங்கள். ‘கத்தியாலயா?’ என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டிவிட்டதாக ஆகும். இதற்கும் தொல்காப்பியத்தில் விதி இருக்கிறது: கூட வரும் வினையால் பொருள் பிரியாத சொல்லை வெளிப்படக் கிளந்து சொல்ல வேண்டும் என்று. பேசியவரே கிளந்து சொல்லட்டும், நீங்கள் ஊகிக்க வேண்டாம். கேட்பதால் உங்கள் திறமை குறைந்துபோகாது. அனுபவமுள்ள மாஜிஸ்திரேட்டுகள் கேட்கிற உரைபெயர்ப்பாளரைத்தான் நம்புகிறார்கள்.

இந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 1894-இல் இதே டர்பனில், பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலித் தமிழர், முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். என்ன நடந்தது என்பதைக் காந்தி தெரிந்துகொண்டது, அங்கே குமாஸ்தாவாக இருந்த ஒரு தமிழர் வழியாக. அதன் பிறகுதான் டாக்டர் சான்றிதழ், மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம், முதலாளிக்குச் சம்மன், கடைசியில் வேறு முதலாளியிடம் மாற்றம் எல்லாம் நடந்தன. இன்று அரசியலமைப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தனக்குப் புரிகிற மொழியில் விசாரணை நடக்க வேண்டும், முடியாவிட்டால் அந்த மொழியில் உரைபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று உரிமை தருகிறது. அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவில், மதித்துப் போற்ற வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயர் அச்சாகியிருக்கிறது. அதனால் அடுத்த முறை யாருக்காவது துணை போனால், வழக்கைக் கூப்பிடும்போதே ‘இவருக்குத் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று கேட்கச் சொல்லுங்கள். வெளியே வந்து வராந்தாவில் விளக்குகிற பாரத்தை நீங்கள் ஒருவரே சுமக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. உங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் தூத்துக்குடித் தமிழ் பேசுகிறவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவருக்கு ஜாமீன் என்பது பிணை, வக்கீல் என்பது சட்டத்தரணி, மாஜிஸ்திரேட் என்பது நீதவான். விசாரணை தொடங்குவதற்கு முன்பு, கோர்ட்டின் அனுமதியோடு அவரிடம் இரண்டு நிமிடம் பேசி, ஒருவர் பேச்சு ஒருவருக்கு விளங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊர், குடும்பம் என்று பொதுவாகப் பேசினால் போதும், வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா